'அப்பா' என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று பேர்

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அடிக்கடி காதில் விழும் மூன்று பேச்சுகளை எடுத்துக்கொள்வோம். பிரசவ வார்டு வாசலில் ஒரு குரல்: "மூணாவதும் பொண்ணு. இவ வயித்துல ஆம்பளப் புள்ளையே தங்காதா?" விண்ணப்பம் வாங்கும் மேசையில் இன்னொரு குரல்: "அப்பா பேர் எழுதாம எப்படிம்மா வாங்கறது?" பெங்களூரில் கட்டட வேலை பார்க்கும் ஒருவர் சொல்வது: "மாசாமாசம் பணம் அனுப்பறேன். அப்பன்னா இதுக்கு மேல என்ன செய்யணும்?"

முதல் பேச்சு உயிரியல்படி தவறு. இரண்டாவது பல இடங்களில் சட்டப்படி தவறு. மூன்றாவதில் பாதி உண்மை இருக்கிறது, மீதிப் பாதி விட்டுப்போயிருக்கிறது. மூன்றும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. 'அப்பா' என்ற சொல் மூன்று வெவ்வேறு உறவுகளைச் சுமக்கிறது. ஒன்றைப் பற்றிப் பேசும்போது மற்றொன்றை மனதில் வைத்துக்கொள்கிறோம். அந்தக் குழப்பத்தின் சுமை பெரும்பாலும் தாயின் தலையிலும் குழந்தையின் தலையிலும் விழுகிறது. அதனால் மூன்றையும் ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

ஒட்டுக்கன்றுக் கணக்கு

கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சந்தூர், மாங்கன்று நாற்றுப்பண்ணைகளுக்குப் பேர்போன ஊர். கொட்டையில் முளைத்த இளஞ்செடியின் தலையை வெட்டிவிட்டு, நல்ல காய்ப்புள்ள ஒரு செந்தூரா மரத்தின் குச்சியை அதில் செருகிக் கட்டினால் ஒட்டுக்கன்று. அதை வாங்கிவந்து ஒரு நிலத்தில் நடுகிறார்கள். நிலத்தின் பட்டா ஒருவர் பேரில் இருக்கிறது. முதல் மூன்று கோடைக்கும் குடத்தில் தண்ணீர் சுமந்து, ஆடு கடிக்காமல் முள் கட்டி, கரையான் ஏறாமல் பார்த்து வளர்த்தவர் வேறொருவர்.

பத்து வருடம் கழித்து மரம் காய்க்கும்போது "இது யாரோட மரம்?" என்று கேட்டால் மூன்று பதில் வரும். குச்சி கொடுத்த மரத்தின் வம்சம் என்பது ஒன்று. பட்டாதாரருடையது என்பது ஒன்று. தண்ணீர் ஊற்றியவருடையது என்பது ஒன்று. மூன்று பதிலும் சரிதான், ஏனென்றால் கேள்விக்குள்ளேயே மூன்று கேள்விகள் இருக்கின்றன.

அப்பாவும் அப்படித்தான். குழந்தையின் உடலுக்கு மரபுப்பொருள் கொடுத்தவர் உயிரியல் தந்தை. சட்டமும் பதிவேடும் தந்தை என்று ஏற்பவர் சட்டத் தந்தை. அன்றாடம் தந்தையின் வேலையைச் செய்பவரும், ஊர் அப்படி ஏற்றுக்கொண்டவரும் சமூகத் தந்தை. பெரும்பாலான வீடுகளில் மூவரும் ஒரே ஆள் என்பதால் இந்தப் பிரிவு கண்ணுக்குத் தெரிவதில்லை. தத்து, மறுமணம், பிரிவு, இறப்பு, நீண்டகால வெளியூர் வேலை என்று ஏதாவது ஒன்று வந்தால் உடனே தெரிந்துவிடும்.

இந்த ஒப்புமை ஓர் இடத்தில் உடைகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒட்டுமரத்தில் பழத்தின் ரகம் முழுக்கக் குச்சியைச் சேர்ந்தது. வேர்ச்செடிக்கு அதில் பங்கில்லை. குழந்தை அப்படி இல்லை. "விதை அவனது, நிலம் அவளது" என்று காலங்காலமாகச் சொல்லிவரும் கருத்து இங்கேதான் தவறாகிறது. தாய் நிலம் மட்டும் தருவதில்லை, விதையிலும் பாதி அவளுடையது.

பெண் பிறப்பது யாரால்?

நம் உடல் செல்களுக்குள் மரபுச் செய்திகளைச் சுருட்டி வைத்திருக்கும் இழைகளுக்குக் குரோமோசோம் என்று பெயர். மொத்தம் 46, அதாவது 23 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாயிடமிருந்து வந்தது, ஒன்று தந்தையிடமிருந்து வந்தது. ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது 23-வது ஜோடி. பெண்ணுக்கு அந்த ஜோடியில் இரண்டுமே எக்ஸ். ஆணுக்கு ஒன்று எக்ஸ், ஒன்று ஒய்.

இரண்டு பைகளை நினைத்துக்கொள்ளுங்கள். தாயின் பையில் சிவப்பு மணிகள் மட்டும். தந்தையின் பையில் சிவப்பும் வெள்ளையும் ஏறத்தாழச் சரிபாதி. ஒவ்வொரு பையிலிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மணி எடுக்கிறோம். இரண்டும் சிவப்பாக வந்தால் பெண், ஒன்று வெள்ளையாக வந்தால் ஆண். சிவப்பு எக்ஸ், வெள்ளை ஒய். வெள்ளை மணி தந்தையின் பையில் மட்டுமே இருக்கிறது. தாய் எத்தனை முறை கையை விட்டாலும் சிவப்புதான் வரும். ஆண் குழந்தை பிறக்கவில்லை என்று அவளைப் பழிப்பது, வெள்ளை மணியே இல்லாத பையில் வெள்ளையைத் தேடுவது போன்றது.

அதற்காகப் பழியைத் தந்தையின் பக்கம் திருப்பவும் வேண்டாம். எந்த விந்தணு முதலில் சேரும் என்பது அவர் கையிலும் இல்லை. ஒவ்வொரு முறையும் அது புதிதாக நாணயம் சுண்டுவதுதான். முதல் மூன்று பெண்ணாகப் பிறந்ததால் நான்காவது ஆணாக இருக்க வேண்டும் என்ற கணக்கு கிடையாது, நான்காவதுக்கும் பாதிக்குப் பாதிதான். நான்கு குழந்தை பெற்ற 16 குடும்பங்களை எடுத்தால், ஏறக்குறைய ஒன்றில் நான்கும் பெண்ணாக இருக்கும். அது யாருடைய குறையும் இல்லை, சாபமும் இல்லை.

கரு உருவாகும் அந்தக் கணத்திலேயே இது முடிந்துவிடுகிறது. ஆகவே இரண்டாம் மாதத்திலோ மூன்றாம் மாதத்திலோ "ஆம்பளப் புள்ளைக்கு மருந்து" என்று யார் எதைக் கொடுத்தாலும் அது மாறாது. குழந்தையின் உறுப்புகள் உருவாகும் காலம் அந்த முதல் மூன்று மாதம். அப்போது உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத மருந்தைக் கொடுத்தால் கருவுக்குக் கேடு வரலாம்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இந்த மண்ணின் வரலாறு. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் தர்மபுரிக்கு நீட்டிக்கப்பட்டது. கிருஷ்ணகிரி அப்போது தர்மபுரி மாவட்டத்துக்குள் இருந்தது. தனி மாவட்டமானது 2004-ல்தான். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு இங்கே இருந்த பெண் குழந்தைகள் 900-ஐ விடக் குறைவு. அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் வறுமை இருந்தது, வரதட்சணை இருந்தது. கூடவே, பெண் பிறந்தது அவளால்தான் என்ற தவறான உயிரியலும் இருந்தது.

கருவின் பாலினத்தைச் சொல்வதையும் கேட்பதையும் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பலரும் கவனிக்காத ஒரு பிரிவு உண்டு. ஒரு கர்ப்பிணி அப்படி ஸ்கேன் செய்துகொண்டிருந்தால், கணவரோ உறவினரோ கட்டாயப்படுத்தியதால்தான் செய்தார் என்று நீதிமன்றம் முதலில் கருதும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவர்களுடையது. கருவின் பாலினத்தைக் கேட்டுப் போகிறவருக்கு முதல் முறையே 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

இதுவரை வந்ததைச் சுருக்கினால், மரபுப்பொருளில் தாய்க்கும் தந்தைக்கும் சமபங்கு. ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் இழை தந்தையிடமிருந்து வருகிறது. அதையும் அவர் தேர்ந்தெடுப்பதில்லை.

பட்டாவில் இருக்கும் பெயர்

சட்டம் தந்தையைக் கண்டுபிடிக்கும் வழி வேறு. அது ரத்தத்தில் தொடங்குவதில்லை, திருமணத்தில் தொடங்குகிறது. சட்டப்படியான திருமணம் நீடிக்கும்போது பிறந்த குழந்தை அந்தக் கணவருடைய குழந்தை. திருமணம் முறிந்த பின் 280 நாளுக்குள் பிறந்து, தாய் மறுமணம் செய்யாமல் இருந்தாலும் அப்படியே. கரு உருவாகியிருக்கக்கூடிய காலத்தில் இருவரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று காட்டினால்தான் இது மாறும். 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 112-வது பிரிவாக இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 116-வது பிரிவாகத் தொடர்கிறது.

டி.என்.ஏ. சோதனை இருக்கும்போது இது எதற்கு என்று தோன்றும். விதியின் நோக்கம் குழந்தையைக் காப்பது. கணவன் மனைவிக்குள் சண்டை வரும்போதெல்லாம், டீக்கடையில் யாராவது வாய்க்கு வந்ததைப் பேசும்போதெல்லாம், "இது என் குழந்தையா?" என்று சோதிக்கக் கிளம்பிவிடக் கூடாது என்பதே அது. இந்தச் சோதனைக்கு வழக்கமான நடைமுறையைப் போல உத்தரவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லிவிட்டது. அதேசமயம், சோதனை முறைப்படி நடந்து முடிவு தெளிவாகக் கையில் இருக்கும் வழக்கு ஒன்றில், 2014-ல் அதே நீதிமன்றம் அறிவியல் முடிவுக்கே எடை கொடுத்தது.

அடுத்தது காப்பாளர், அதாவது குழந்தையின் சார்பில் சட்டப்படி முடிவெடுப்பவர். இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம் 1956-ல் வந்தது. அதன்படி மைனரின் இயற்கைக் காப்பாளர் "தந்தை, அவருக்குப் பின் தாய்". இதில் வரும் 'பின்' என்ற சொல்லைத் தந்தை இறந்த பிறகு என்றுதான் பல ஆண்டுகள் படித்தார்கள். தந்தை உயிரோடு இருந்தும் குழந்தையின் காரியங்களில் இல்லாமல் போனாலும் தாய் காப்பாளராகச் செயல்படலாம் என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. 2015-ல் இன்னொரு தீர்ப்பு வந்தது. மணமாகாத தாய் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால், தந்தை பெயர் இல்லாமலே பிறப்புச் சான்றிதழ் தர வேண்டும் என்றது. பாஸ்போர்ட்டுக்கு 2016 டிசம்பர் முதல் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். பான் அட்டைக்கு, தாய் மட்டுமே வளர்க்கும் குழந்தையானால், 2018 டிசம்பர் முதல் தந்தை பெயர் கட்டாயமில்லை. "அப்பா பேர் இல்லாம முடியாது" என்று ஒரு மேசையில் திருப்பி அனுப்பினால், எந்த விதியின்படி என்று எழுத்தில் கேட்கலாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. மறுமணம் செய்த பெண்ணின் குழந்தையைப் பத்து வருடம் தோளில் சுமந்து வளர்த்தவராக இருந்தாலும், 1956 சட்டத்தில் 'தந்தை' என்ற சொல் மாற்றாந்தந்தையைச் சேர்த்துக்கொள்ளாது. தண்ணீர் ஊற்றியவருக்குத் தானாகப் பட்டா வராது. அந்த இடம் வேண்டுமென்றால் முறைப்படி தத்தெடுக்க வேண்டும், அல்லது நீதிமன்றம் அவரைக் காப்பாளராக நியமிக்க வேண்டும். வீட்டில் எல்லாரும் அப்பா என்றுதானே கூப்பிடுகிறோம் என்று விட்டுவிட்ட குடும்பங்களுக்கு, குழந்தையின் பேரில் சொத்துக் காரியம் வரும்போதுதான் இது இடிக்கிறது.

ஜீவனாம்சத்தில் சட்டம் திருமணத்தைப் பார்ப்பதில்லை. வசதி இருந்தும் மைனர் குழந்தையைக் கவனிக்காத தந்தையிடம், மாதாமாதம் தொகை கேட்டு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுக் கொடுக்கலாம். பெற்றோருக்குத் திருமணம் நடக்காமல் பிறந்த குழந்தைக்கும் இந்த உரிமை உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-வது பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 144-வது பிரிவு.

நடைமுறையில் அதிகம் தவறு நடப்பது பிறப்புப் பதிவில். பிறந்த 21 நாளுக்குள் பதிய வேண்டும். குழந்தைக்குப் பெயர் வைக்கவில்லை என்பது தள்ளிப்போடக் காரணமாகாது, பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அப்பா வெளியூரில் இருக்க, உடனிருந்த உறவினர் ஒருவர் ஊரில் கூப்பிடும் பெயரைச் சொல்லிவிடுவார். ஆதாரில் முருகேசன், பிறப்புச் சான்றிதழில் முருகன். பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் இது சிக்கலாகி நிற்கும். 2023 அக்டோபர் 1-க்குப் பின் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் அடிப்படை ஆவணம். பிரசவத்துக்குப் போகும் பையில் இருவருடைய ஆதார் நகலையும் வைத்துவிட்டு, பதிவுத் தாளில் எழுத்து எழுத்தாகச் சரிபார்ப்பது அப்பாவின் முதல் வேலைகளில் ஒன்று.

வில் கொடுத்தவர் தந்தை

மூன்றாவது ஆளான சமூகத் தந்தையைப் புரிந்துகொள்ள நீலகிரி வரை போய்வரலாம். அங்குள்ள பழங்குடியினரான தோடர்களிடையே முன்பு அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒரு பெண்ணை மணப்பது வழக்கம். அப்படியானால் குழந்தைக்கு அப்பா யார்? கர்ப்பிணிக்கு ஏறக்குறைய ஏழாம் மாதத்தில் ஒரு சடங்கு நடக்கும். கணவர்களில் ஒருவர் சிறு வில்லும் அம்பும் செய்து அவள் கையில் கொடுப்பார். கொடுத்தவரே தந்தை. அடுத்து பிறக்கும் குழந்தைகளுக்கும் அவரே, இன்னொருவர் வில் கொடுக்கும் வரை. யாருடைய விந்து என்ற கேள்வியை அந்தச் சமூகம் கேட்கவே இல்லை. ஊரறிய யார் பொறுப்பேற்றார் என்பதே கேள்வி. சமூகத் தந்தைமை பிறப்போடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை, ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

வெகுதூரம் போகாமல் நம் உறவுப் பெயர்களைப் பார்த்தாலும் போதும். அப்பாவின் அண்ணன் பெரியப்பா, தம்பி சித்தப்பா. இருவர் பெயரிலும் 'அப்பா' இருக்கிறது. அம்மாவின் அண்ணன் தம்பிக்கு அந்தச் சொல் இல்லை, அவர் மாமன். ஆங்கிலத்தில் இவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே சொல். நம் முறையில் அப்பாவின் சகோதரர்கள் அப்பா வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் நமக்கு அண்ணன் தங்கை ஆவதும், மாமன் பிள்ளைகள் முறைப்பிள்ளைகள் ஆவதும் இதனால்தான். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளில் 'நைனா' என்று கூப்பிட்டாலும் கணக்கு இதே கணக்குதான்.

காதுகுத்தில் குழந்தை உட்காருவது தாய்மாமன் மடியில். பெண் வயதுக்கு வந்தால் முதல் சீர் தாய்மாமனுடையது. அதாவது, தந்தையின் வேலை என்று இன்று நாம் ஒரே ஆளின் தலையில் வைக்கும் பலவற்றை நம் ஊர் பலருக்கும் பிரித்துக் கொடுத்திருந்தது. அப்பா இறந்த வீட்டில் சித்தப்பாவும் மாமனும் அந்த இடத்தை நிரப்ப முடிந்தது இதனால்தான். குடும்பங்கள் பிரிந்து, ஓசூர் தளி ரோட்டிலோ பெங்களூரிலோ இரண்டு அறை வாடகை வீட்டுக்கு வந்த பிறகு, அந்தப் பகிர்வு போய்விட்டது, வேலை மட்டும் அப்படியே இருக்கிறது. இன்றைய அப்பாக்கள் திணறுவதற்கு இது ஒரு பெரிய காரணம். அதைப் புரிந்துகொள்ளாமல் அவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

பணம் அனுப்பினால் போதுமா?

இப்போது மூன்றாவது பேச்சுக்கு வருவோம். பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கமிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் வேலைக்குப் போகும் ஆண்கள் ஏராளம். அனுப்பும் பணத்தில்தான் அரிசியும் பள்ளிக் கட்டணமும் நடக்கின்றன. அதை யாரும் சின்னதாக நினைக்கக் கூடாது, அதுவும் அன்புதான்.

ஆனால் தந்தையின் பங்கை அளக்க முயன்ற ஆய்வாளர்கள் 1980-களில் ஒரு பயனுள்ள பிரிவைக் கொண்டுவந்தார்கள். பணத்தைத் தவிர மூன்று அளவுகள். முதலாவது நேரடி ஈடுபாடு: குளிப்பாட்டுவது, ஊட்டுவது, விளையாடுவது, வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பது. இரண்டாவது எட்டும் நிலை: நேரடியாக எதுவும் செய்யாவிட்டாலும், குழந்தை கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருப்பது. மூன்றாவது பொறுப்பு: குழந்தைக்கு எப்போது என்ன வேண்டும் என்பதை நினைவில் சுமப்பது.

மூன்றில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது மூன்றாவது. மனைவி சொல்லி, அப்பா குழந்தையைத் தடுப்பூசிக்கு வண்டியில் கூட்டிப்போனால் அது ஈடுபாடு. பிறந்ததும், பின் 6, 10, 14 வாரங்களிலும், 9 மாதத்திலும், 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் ஊசி உண்டு என்பதைத் தானே நினைவில் வைத்து, "வர்ற புதன்கிழமை நாள் வருது, அட்டை எங்க?" என்று கேட்டால் அது பொறுப்பு. முன்னதில் அவர் உதவியாள். பின்னதில்தான் அப்பா. "நான் எல்லா ஹெல்ப்பும் பண்றேனே" என்று சொல்லும் கணவருக்கும், களைத்துப்போயிருக்கும் மனைவிக்கும் நடுவில் இருக்கும் சண்டை பெரும்பாலும் இந்த ஒரு வித்தியாசத்தைப் பற்றியதுதான். இருவருக்கும் அது தெரிவதில்லை.

வெளியூரில் இருப்பவருக்கு எட்டும் நிலை குறையும், ஈடுபாடு குறையும். பொறுப்பு குறைய வேண்டியதில்லை. ஊசி நாள், பள்ளிச் சேர்க்கைத் தேதி, சாதிச் சான்றிதழ், கண் பரிசோதனை என்று இவற்றில் இரண்டையாவது முழுக்கத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டு, நாளைக் குறித்துவைத்து, அன்று போன் செய்து முடிக்கச் செய்வது ஓசூரிலிருந்தும் முடியும், துபாயிலிருந்தும் முடியும்.

உடம்பும் பழகிக்கொள்கிறது

"பொம்பளைக்குத்தான் அந்தப் பாசம் உடம்புலயே இருக்கும், ஆம்பளைக்கு வராது" என்பதும் ஒரு தவறான நம்பிக்கை. பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு நகரில் 600-க்கும் மேற்பட்ட இளைஞர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2011-ல் வெளியானது. டெஸ்டோஸ்டிரோன் என்பது ஆண்தன்மையோடும் போட்டியுணர்வோடும் தொடர்புள்ள ஹார்மோன். தந்தையானவர்களுக்கு அது கணிசமாகக் குறைந்திருந்தது. தினமும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைக் கவனித்தவர்களிடம் அளவு இன்னும் குறைவாக இருந்தது. இது ஆண்மைக் குறைவு இல்லை. ஆணின் உடம்பும் குழந்தை வளர்க்கும் வேலைக்கு இணங்கிக்கொள்கிறது என்பதுதான் இதன் பொருள்.

இதை நேரடியாகப் பயன்படுத்தும் முறை ஒன்று நம் அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறது. எடை 2.5 கிலோவுக்குக் குறைவான, குறிப்பாகக் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு 'கங்காரு பராமரிப்பு' தருகிறார்கள். வெறும் மார்பில் குழந்தையை அணைத்து வைத்து உடற்சூட்டைத் தருவதற்கு அந்தப் பெயர். ஒரு நாளில் குறைந்தது 8 மணி நேரமாவது தரச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. தாய்க்கு ஓய்வு வேண்டும், அறுவைப் பிரசவமானால் வலியும் இருக்கும். அந்த நேரத்தில் தந்தை தாராளமாகச் செய்யலாம்.

முறை இதுதான். செவிலியர் சரி என்ற பிறகு கையையும் மார்பையும் கழுவித் துடைத்துக்கொள்ள வேண்டும். குழந்தைக்குத் தொப்பி, காலுறை, இடுப்புத் துணி மட்டும். சாய்ந்து உட்கார்ந்து, குழந்தையை மார்பின் நடுவில் நிமிர்த்தி வைக்க வேண்டும். கைகால் தவளை போல் மடங்கியிருக்கும். தலை ஒரு பக்கம் திரும்பி, கழுத்து சற்றே நிமிர்ந்திருக்க வேண்டும். பிறகு அகலமான துணியால் சுற்றி, அதன் மேல் சட்டை. ஒருமுறை வைத்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருப்பது நல்லது. தவறு நடப்பது கழுத்தில்: தலை முன்னால் தொங்கினால் மூச்சுக்குழல் மடங்கும். துணி தளர்ந்தால் குழந்தை கீழே சரிந்து இதே நிலை வரும். அப்படி வைத்துக்கொண்டு அப்பா தூங்கிவிடக் கூடாது. புகைபிடிப்பவர் என்றால் சட்டையிலும் தோலிலும் ஒட்டியிருக்கும் புகையே குழந்தைக்குக் கெடுதல்.

இதற்கு நேரம் வேண்டும். மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. பேறுகாலத்துக்கு முன் 15 நாளிலிருந்து பின் ஆறு மாதத்துக்குள் எடுக்கலாம். தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் தாய்க்கு 2017 முதல் 26 வாரம் இருக்கிறது. அப்பாவுக்கு எந்தத் தேசியச் சட்டமும் ஒரு நாள்கூடத் தரவில்லை. ஓசூர் தொழிற்சாலையிலோ கிருஷ்ணகிரி கல்குவாரியிலோ நாள் கூலிக்கு இருப்பவர் பிள்ளையைப் பார்க்க வந்தால் அன்றைய கூலி போகும். தந்தைகளுக்குப் பொறுப்பில்லை என்று பேசுவோர் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

ஊருக்கு வரும் அப்பா

தகடூர் என்று அன்று பெயர் பெற்றிருந்த இந்தத் தர்மபுரியை ஆண்ட அதியமான், போர்க்களத்திலிருந்து வந்து பிறந்த மகனைப் பார்த்தான். பகைவரைப் பார்த்த கண், தன் சிறுவனைப் பார்த்த பின்னும் சிவப்பு மாறவில்லை என்று ஔவையார் பாடியிருக்கிறார். வேலையிடத்து மனநிலையைச் சுமந்தபடியே வீட்டுக்குள் நுழையும் அப்பாவை இந்த ஊர் அன்றே பார்த்திருக்கிறது.

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ மூன்று மாதம் கழித்து வருபவரைப் பார்த்துப் பத்து மாதக் குழந்தை வீறிட்டு அழும். "என்னையே தெரியலையா?" என்று மனசு உடைந்து போகும். அது பாசமில்லாமல் அழவில்லை. ஏழெட்டு மாதம் முதல் ஒன்றரை வயது வரை அறிமுகமில்லாத முகத்தைக் கண்டு பயப்படுவது சரியான வளர்ச்சியின் அடையாளம். உடனே பிடுங்கித் தூக்குவதுதான் தவறு. குழந்தை அம்மா இடுப்பிலேயே இருக்கட்டும். நீங்கள் தரையில் உட்காருங்கள், முகத்தையே உற்றுப் பார்க்காமல் அம்மாவோடு சாதாரணமாகப் பேசுங்கள், கையில் ஒரு கரண்டியோ கிண்ணமோ வைத்துத் தட்டுங்கள். பத்து இருபது நிமிடத்தில் அதுவே பக்கத்தில் வரும். இரண்டாம் நாளிலிருந்து ஏதாவது ஒரு வேலையை, குளிப்பாட்டுவதையோ ராத்திரிச் சோறு ஊட்டுவதையோ, தினமும் நீங்களே செய்யுங்கள். விலை உயர்ந்த பொம்மையைவிட ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப நடக்கும் ஒரு சின்ன வேலையைத்தான் குழந்தை ஞாபகம் வைக்கும்.

ஊரில் இல்லாதபோது வீடியோ அழைப்பு உதவும். சின்னக் குழந்தைக்குத் திரை வேண்டாம் என்ற மருத்துவ அறிவுரைக்கு இது ஒன்றே விதிவிலக்கு. நான்கைந்து நிமிடம் போதும், நேரம் மாறக் கூடாது, ஒரே தாலாட்டோ ஒரே விளையாட்டோ இருக்க வேண்டும். குழந்தை நகர்ந்து போனால் "இங்க பாரு, இங்க பாரு" என்று இழுக்க வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்கள் செய்யும் தவறு ஒன்றும் இருக்கிறது. "இருடா, அப்பா வரட்டும், சொல்றேன்." இந்த ஒரு வாக்கியம் தூரத்தில் இருக்கும் மனிதரைப் பூச்சாண்டியாக மாற்றிவிடுகிறது. வந்த அன்றே பழைய குற்றங்களுக்கெல்லாம் அவர் தண்டனை கொடுக்க வேண்டியதாகிறது. நான்கு நாளில் திரும்பிப் போய்விடுவார். குழந்தையின் நினைவில் தங்குவது அந்த அடி மட்டுமே. கண்டிப்பது யார் அப்போது பக்கத்தில் இருக்கிறாரோ அவருடைய வேலையாக இருக்கட்டும்.

"கடமை முடிஞ்சுது"

பெண் பிள்ளைக்கு அப்பா என்றால் சீக்கிரம் நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்துக் கடமையை முடிப்பவர் என்ற எண்ணம் இந்த இரண்டு மாவட்டங்களிலும் இன்னும் பலமாக இருக்கிறது. பல அப்பாக்கள் இதைப் பயத்தில் செய்கிறார்கள். ஊர் பேசுமே, நாம் வெளியூரில் இருக்கிறோமே, காதல் அது இது என்று ஏதாவது ஆகிவிடுமே என்று நினைத்துப் பதினாறு வயதில் முடிவெடுக்கிறார்கள். முன்பே பார்த்த மூன்று அளவுகளில் வைத்துப் பாருங்கள்: எட்டும் நிலை இல்லாததால் வரும் பயத்தை, பொறுப்பைக் கைமாற்றித் தீர்த்துக்கொள்கிறார்கள்.

சட்டத்தில் பெண்ணுக்கு 18 வயது. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006-ன்படி நடத்திவைக்கும் பெற்றோருக்கும் 2 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 1098 என்ற எண்ணில் யார் வேண்டுமானாலும் தகவல் சொல்லலாம். உடம்பின் கணக்கு இதைவிடக் கடுமையானது. வளர்ந்து முடியாத இடுப்பெலும்போடும், பெரும்பாலும் ரத்தசோகையோடும் பிரசவத்துக்குப் போகும் பதினேழு வயதுப் பெண்ணுக்கும் அவள் குழந்தைக்கும் ஆபத்து அதிகம். குறைந்த எடையில் குழந்தை பிறக்க அது ஒரு முக்கியக் காரணம்.

பணம்தான் தடை என்றால், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் கல்லூரியோ பாலிடெக்னிக்கோ ஐ.டி.ஐ.யோ சேர்ந்தால், புதுமைப் பெண் திட்டத்தில் படிப்பு முடியும் வரை மாதம் 1000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கையோடு வெளியூரில் இருக்கும் அப்பா செய்ய வேண்டியவை நான்கு: அவள் பேரில் கணக்கு திறந்து ஆதாரோடு இணைத்திருக்கிறதா என்று பார்ப்பது, மாற்றுச் சான்றிதழிலும் பிறப்புச் சான்றிதழிலும் தன் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பது, சேர்க்கைக்கு ஒரு நாள் விடுப்புச் சொல்லி நேரில் வருவது, "யாரைக் கேட்டு மேல படிக்க வைக்கிற?" என்று பெரியப்பாவோ மாமனோ கேட்டால் "நான்தான் சொன்னேன்" என்று பதில் சொல்வது.